மல்லாட்டையும் மங்கோலியாவும்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி கம்மி. டேமேஜர் லீவு வேற. கிடைச்ச நேரத்துல, மங்கோலியாவுக்கு "ஸ்டடி டூர்" போய்ட்டு வந்த வெளிநாட்டுக் கல்லூரிப் பசங்களோட பயணக்குறிப்புகளாத் தேடித் தேடி வாசிச்சுக்கிட்டு இருந்தேன். ஏன் மங்கோலியான்னு கேக்காதீங்க. பொட்டி தட்டுறவன் கூகுள் மேப்பைச் சும்மா நகர்த்திக்கிட்டே போனா அங்கதான் போய் நிப்பான் :-)

வாசிக்க வாசிக்க ஒரு பழைய கேள்வி வந்து உக்காந்துக்கிச்சு. பத்து நாள், மூணு வாரம்னு போயி ஒரு ஊரோட கலாச்சாரத்தைத் தெரிஞ்சுக்க முடியுமா? இது ஒண்ணும் வெட்டிக் கேள்வி இல்லை. அமெரிக்காவுல இருந்து வெளிநாடு போய்ப் படிக்கிற மாணவர்கள்ல பாதிக்கு மேல இந்த மாதிரி கோடை விடுமுறை, எட்டு வாரத்துக்குள்ள முடியுற பயணமாத்தான் போறாங்க. அதுல ஒரு பங்கு நம்ம ஊருக்கும் வருது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். பத்து நாள்ல ஒரு ஊரைத் தெரிஞ்சுக்க முடியாது. ஆனா அந்த ஊர்க்காரங்களே கேக்காத ஒரு கேள்வியைக் கேக்க முடியும். அதுக்குப் பத்து நாள் தாராளம். கேட்ட கேள்வியும், எழுதின குறிப்பும் சோறு போட்ட வீட்டுக்குத் திரும்பி வரணும், அவ்வளவுதான். வரலைன்னா அது படிப்பு இல்லை, டூரு.

முதல்ல மங்கோலியா. பழைய விழுப்புரம் மாவட்டத்துல, அதாவது 2019-ல கள்ளக்குறிச்சி தனியாப் போறதுக்கு முன்னாடி, 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 34.6 லட்சம் பேர். மங்கோலியா முழு நாட்டுக்கும் மக்கள் தொகை இன்னைக்கு சுமார் 35 லட்சம். நிலப்பரப்பு மட்டும் நம்ம பழைய மாவட்டத்தைப் போல 200 மடங்குக்கு மேல. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஜனங்க எல்லாரையும் அள்ளிட்டுப் போய் பன்னிரண்டு தமிழ்நாடு அகலத்துக்குத் தூவி விட்டா எப்படி இருக்குமோ, அதுதான் மங்கோலியா.

பசங்க எழுதுற குறிப்புகள்ல ஒரு வழக்கமான வரிசை இருக்கு. உலான்பாதர்ல இறங்குறது, செங்கிஸ் கான் சிலை, எர்தென் ஸூ மடாலயம், கோபி பாலைவனம், ஜூலைன்னா நாதம் திருவிழாவுல மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை. நடுவுல ரெண்டு மூணு ராத்திரி மேய்ச்சல்காரங்க வீட்டுல தங்கல். "கெர்"ன்னு சொல்ற வட்டமான கம்பளிக் கூடாரம் அது. உள்ள போகும்போது வாசற்படியை மிதிக்கக் கூடாது. கொடுக்கிறதை வலது கையால வாங்கணும். வந்தவங்களுக்கு முதல்ல டீ, அதுவும் உப்புப் போட்ட பால் டீ.

வாசற்படியை மிதிக்காதே, வலது கையால வாங்கு. இதுக்கு எதுக்குய்யா உலான்பாதர் வரைக்கும் போகணும், எங்க ஆயா தினம் ரெண்டு வேளை சொல்லுமே! வெளிநாட்டுப் பசங்க இதை அதிசயமா எழுதுறதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கூடவே இன்னொண்ணும் தோணிச்சு. வாசற்படி, வலது கை, உப்பு டீ எல்லாமே ஒரு மணி நேரத்துல பாத்து எழுதிடக்கூடிய விஷயங்கள். அந்த வீட்டுக்காரரோட பயம் என்ன?

அந்தப் பயத்துக்கு மங்கோலிய மொழியில ஒரு பேர் இருக்கு, "ஸுத்". கோடையில மழை பொய்ச்சு புல் வளராம, அதுக்கு மேல பனிக்காலம் கடுமையா வந்தா ஆடு, மாடு, குதிரை எல்லாம் நின்ன இடத்துலயே சாகும். 2009-10 பனிக்காலத்துல 80 லட்சத்துக்கு மேல கால்நடைகள் போச்சு. 2023-24-ல மறுபடியும் 70 லட்சத்துக்கு மேல. மந்தையை இழந்த குடும்பம் கெர்ரைச் சுருட்டி எடுத்துக்கிட்டு உலான்பாதர் ஓரத்துல போய் அடிக்குது. அந்த நகரத்து ஜனங்கள்ல பாதிக்கு மேல இப்படிப்பட்ட கூடாரப் பகுதிகள்லதான் இருக்காங்க. வீட்டுக்குக் குழாய்த் தண்ணி கிடையாது, குளிருக்கு நிலக்கரி, ஊரெல்லாம் புகை.

நான் வாசிச்ச குறிப்புகள்ல குதிரை மேல உக்காந்து எடுத்த படம் எல்லாத்துலயும் இருக்கு. ஸுத் பத்தி எழுதினது கொஞ்சம்தான். எழுதின அந்தக் கொஞ்சம் பேரும் ஒரே ஒரு வேலை செஞ்சிருக்காங்க. வீட்டுக்காரர்கிட்ட "போன பனிக்காலம் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டிருக்காங்க. அவ்வளவுதான். நான் கேள்வின்னு சொன்னது இந்த மாதிரி கேள்வியைத்தான்.

சரி, இப்போ கேமராவை நம்ம பக்கம் திருப்புவோம்.

திண்டிவனத்துல இருந்து முக்கால் மணி நேரத்துல ஆரோவில். பெரும்பகுதி நம்ம மாவட்டம் வானூர் வட்டத்துல இருக்கு. 1968 பிப்ரவரி 28 திறப்பு விழாவுல 124 நாட்டு மண்ணை ஒரே தாழியில போட்டாங்க. அன்னைக்கு அது பொட்டல் செம்மண் மேடு, இன்னைக்குக் காடு. அந்தக் காட்டை எப்படி வளர்த்தாங்க, மழைத்தண்ணியை எப்படி நிறுத்தினாங்கன்னு பாக்குறதுக்கே பல நாட்டுல இருந்து மாணவர்கள் சில வாரத்துக்கு வந்து போறாங்க. அப்படியே சுத்துப்பட்டு கிராமங்களுக்கும், செஞ்சிக் கோட்டைக்கும் ஒரு நடை. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்தாங்களே, அதுல தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒண்ணுதான். அதனால இனிமே கூட்டம் இன்னும் வரும்.

அவங்களுக்கு நாம மேய்ச்சல்காரங்க. நம்ம வாசற்படியும், வலது கையும், மண்டபத்துக் கோலமும் அவங்க நோட்டுல ஏறும். அதுல தப்பே இல்லை. ஆனா நம்ம ஸுத் என்ன?

நம்ம ஊரு சேதி மல்லாட்டையில இருக்கு. தெக்கத்திப் பதிவர்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டை தேஞ்சு தேஞ்சு மல்லாக்கொட்டை ஆகி, மல்லாட்டை ஆயிடுச்சு. தென் அமெரிக்காவுல பொறந்த பயிர், பிலிப்பைன்ஸ் மணிலா பேரைச் சுமந்துக்கிட்டு நம்ம செம்மண்ணுல வந்து குந்திக்கிச்சு. கடலை ரகங்கள்ல டி.எம்.வி-2, டி.எம்.வி-7ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. டி.எம்.வி-ன்னா திண்டிவனம். நம்ம ஊரு எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்துல உருவானது. 1940-ல வந்த டி.எம்.வி-2 ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் பல பத்து வருஷம் ஓடின ரகம். ஒரு சின்ன ஊரோட பேரு மூணு மாநில விவசாயிங்க வாயில இருந்திருக்கு. எங்க ஊர்ப் பசங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, ஏன்னா எந்த டூரும் அந்த கேட்டுக்குள்ள போறதில்லை.

பயமும் இருக்கு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தப்போ, மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. வயல், ஏரி, ரோடு எது எதுன்னே தெரியலை. மரக்காணம் உப்பளத்துக்காரங்களுக்கு மழைக்காலம்னாலே வேலை கிடையாது. வெளியூர்ல இருந்து வர்ற மாணவன் இங்க கேக்க வேண்டிய கேள்வியும் அதேதான்: "போன மழைக்காலம் எப்படி இருந்துச்சு?"

இப்போ நான் கண்ணால பாத்த ஒண்ணைச் சொல்றேன். 2023 மார்ச். வீட்டுல இருந்தே வேலை பாத்துக்கிட்டு இருந்த நேரம். எங்க பெரியம்மா வீட்டுல ஒரு வெளிநாட்டு மாணவி மூணு நாள் தங்கிச்சு. எந்த நாடு, எந்தக் கல்லூரி எல்லாம் வேண்டாம். மொழிபெயர்க்க நான். மல்லாட்டை புடுங்குற சமயம். வேலைக்கு வந்த பொம்பளைங்க களத்துல உக்காந்து காய் ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அந்தப் பொண்ணும் கூட உக்காந்து ஆஞ்சது. பதினோரு மணிக்கு டீ வந்துச்சு. வீட்டு ஆளுங்களுக்கும் அந்தப் பொண்ணுக்கும் எவர்சில்வர் டம்ளர். வேலைக்கு வந்தவங்களுக்குப் பேப்பர் கப்.

அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்துக் கேட்டுச்சு. "நான் நேத்துதான் வந்தேன். எனக்கு டம்ளர். இந்த அம்மா இருபது வருஷமா வர்றாங்களாம். அவங்களுக்கு ஏன் கப்?"

நான் ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே தமிழ்ல கேட்டேன். களத்துல யாரும் பேசலை. ஆயற கை மட்டும் நிக்காம ஓடிச்சு. பெரியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சோறு ஆறிப்பூடும், வரச் சொல்லு"ன்னு உள்ள போயிட்டாங்க.

பதில் எல்லாருக்கும் தெரியும், மக்களே. களத்துல இருந்த எல்லாருக்கும் தெரியும். ஊருக்கும் காலனிக்கும் நடுவுல என்ன இருக்கோ அதுதான் கப்புக்கும் டம்ளருக்கும் நடுவுல இருக்கு. கேக்கத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு. மூணே நாள் இருந்த ஒரு பொண்ணு கேட்டுடுச்சு. குறுகிய பயணத்தால ஒரு புண்ணியமும் இல்லைன்னு சொல்றவங்களோட நான் ஒத்துப் போகாததுக்கு இதுதான் காரணம். உள்ளூர்க்காரன் கண்ணுக்குப் பழகிப் போனது புதுசா வர்ற கண்ணுக்குத்தான் உறுத்தும்.

ஆனா கதை அங்க முடியலை. ராத்திரியெல்லாம் அந்தப் பொண்ணு திண்ணையில உக்காந்து எழுதிக்கிட்டே இருந்துச்சு. நாலு மாசம் கழிச்சு பெரியம்மா என்கிட்ட கேட்டாங்க: "ஏண்டா தம்பி, அந்தப் பொண்ணு இன்னாமோ எழுதிக்கினே இருந்துச்சே, நம்பளப் பத்தி இன்னாதான் எழுதிச்சாம்?"

நியாயமான கேள்விதானே? ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் போட்டேன். அது பாடத்துக்கான மதிப்பீட்டுக்கு எழுதினது, வெளியே தர்ற வழக்கம் இல்லைன்னு மரியாதையா பதில் வந்துச்சு. தங்கினதுக்கு நல்லபடியா காசு கொடுத்தாங்க, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா எங்க ஊர்ல கேட்ட ஆகப்பெரிய கேள்வி, ஏதோ ஒரு நாட்டுல ஒரு ஃபைலுக்குள்ள மார்க் வாங்கிக்கிட்டு படுத்திருக்கு. பெரியம்மாவுக்கும் கிடைக்கலை, கப்புல குடிச்ச அந்த அம்மாவுக்கும் கிடைக்கலை. மங்கோலியாவுல உப்பு டீ கொடுத்த வீட்டுக்காரருக்கும் இதே கதியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. நாம என்ன கிழிச்சோம்? இன்ஜினியரிங் படிச்ச ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்ச ஒரு மாபெரும் கல்விப் பயணம் இருக்கு, இன்டஸ்ட்ரியல் விசிட், சுருக்கமா ஐ.வி. எங்க பேட்சுக்கு மூணாவது வருஷம் பெங்களூரு, நாலு நாள். அந்த நாலு நாள்ல தொழிற்சாலைக்குள்ள இருந்தது நாப்பது நிமிஷம். மஞ்சள் ஹெல்மெட் போட்டு ஒரு குரூப் போட்டோ, கைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். மிச்ச மூணே முக்கால் நாளும் தீம் பார்க், ஷாப்பிங், பஸ்ல குத்துப்பாட்டு. ரிப்போர்ட்? சீனியர் கொடுத்ததுல பேரை மாத்தி ஜெராக்ஸ். ஒருத்தன் அட்டையில வருஷத்தைக்கூட மாத்தலை, அதுக்கும் கையெழுத்து விழுந்துச்சு :-))

அந்த வெளிநாட்டுப் பொண்ணு மூணு நாள்ல ஒரு கேள்வி கேட்டுச்சு. அறுபது பேர் நாலு நாள்ல எத்தனை கேட்டோம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இத்தனைக்கும் வெளியூர்ப் பசங்க தங்கிப் படிச்ச வரலாறு இந்த மண்ணுக்கு ஆயிரம் வருஷம் பழசு. விக்கிரவாண்டி பக்கத்துல எண்ணாயிரம்னு ஒரு ஊர் இருக்கு. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு அங்க கோயில்ல இருக்கு. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் கொண்ட ஒரு கல்லூரிக்கு என்ன பாடம், யாருக்குத் தினம் எவ்வளவு நெல்லுன்னு கணக்கா வெட்டி வச்சிருக்காங்க. அது வேதக் கல்லூரி, எல்லாருக்கும் இடம் கிடைக்கலை, அதையும் சேர்த்தேதான் சொல்லணும். ஆனா படிக்க வர்றவனுக்குச் சோறு யார் போடுறாங்கன்னு ஊரே பாக்குற மாதிரி கல்லுல எழுதி வச்சாங்க பாருங்க, அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஃபைலுக்குள்ள மறைக்கலை.

இப்போ அண்ணா பல்கலைக்கழகத்துல 2021 பாடத்திட்டத்துல இருந்து முதல் வருஷத்துக்குத் "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்"னு ரெண்டு தாள் வச்சிருக்காங்க. நல்ல விஷயம். ஆனா பசங்க அதையும் டூ மார்க், சிக்ஸ்டீன் மார்க்குன்னு மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் பண்றாங்க. அதனால என் யோசனை இதுதான். அந்த ரெண்டு தாளையும் ஐ.வி-யையும் ஒண்ணாக் கட்டி, அஞ்சு நாள் பயணம் ஒண்ணு வைங்க. மங்கோலியா வேண்டாம், அடுத்த வட்டம் போதும்.

1. மண்டகப்பட்டுல தொடங்கலாம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாம மும்மூர்த்திக்குக் கோயில் எடுத்தேன்னு மகேந்திரவர்ம பல்லவன் பெருமையா வெட்டி வச்ச குடைவரை. சிவில் பசங்க அரை நாள் அங்கயே உக்காரலாம்.

2. திருவக்கரையில சுமார் 2 கோடி வருஷத்துக் கல்மரங்கள். பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வர்ற கூட்டத்துல பத்துல ஒருத்தர் அந்தக் கல்மரப் பூங்காவுக்குள்ள போனாக்கூட எனக்கு சந்தோஷம்.

3. மேல்சித்தாமூர் சமண மடம். தமிழ்தான் தாய்மொழி, விவசாயம்தான் தொழில், பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பாடு. தமிழ்ச் சமணர்கள்னு ஒரு சமூகம் நம்ம பக்கத்து ஊர்லயே இருக்குன்னு பசங்களுக்குத் தெரியட்டும்.

4. ரெண்டு ராத்திரி ஒரு வீட்டுல தங்கணும். லாட்ஜ் கூடாது. வீட்டுக்காரங்களுக்குக் காசு கொடுக்கணும், அவங்களை "இன்ஃபார்மன்ட்"னு எழுதாம ஆசிரியர்னு எழுதணும்.

5. ஊருல ஒரு ராத்திரின்னா காலனியில ஒரு ராத்திரி. இதுல சமரசமே கிடையாது.

6. ரிப்போர்ட் தமிழ்ல, நாலு பக்கத்துக்கு மிகாம. எழுதி முடிச்சதும் அந்த ஊருக்கே திரும்பப் போய், எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டணும். வாசிச்சாத்தான் மார்க்.

ஆறாவதுதான் முக்கியம். மத்த அஞ்சும் இல்லாட்டியும் அது இருக்கணும். எழுதினதை எதிர்ல வச்சு வாசிக்கணும்னு தெரிஞ்சா எவனும் வாய்க்கு வந்ததை எழுத மாட்டான். "எளிமையான மக்கள், எப்போதும் சிரித்த முகம்"னு எழுதிட்டுப் போய் கப்புல டீ குடிச்சவங்க முன்னாடி வாசிக்க முடியுமா? அதே மாதிரி, நம்ம ஊர்க்காரங்களும் நம்மைப் பத்தி அடுத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு காதால கேக்கணும். கசக்கும். கசக்கட்டும்.

பின்னூட்டத்துல கும்முறதுக்கு முன்னாடி நானே ரெண்டு கேள்வியை எடுத்துக்கறேன்.

"ஏழை வீட்டை எட்டிப் பாக்குற வேலைதானே இது?" எட்டிப் பாத்துட்டு ஓடினா ஆமா. பாத்ததைப் பாக்கப்பட்டவங்க முன்னாடியே வாசிச்சா இல்லை. அவங்க "நீ எழுதினது தப்பு"ன்னு திருத்துற உரிமை அங்க வந்துடுது. இந்த ஒரு நிபந்தனையை நம்ம ஊருக்கு வர்ற வெளிநாட்டுக் கல்லூரிகள்கிட்டயும் கறாரா கேக்கணும். தமிழ்ல ஒரு பிரதி கொடுத்தாத்தான் வீட்டுல இடம்னு ஊரே சொல்லணும்.

"பசங்களுக்கு வேலை கிடைக்கிறதே பெரும்பாடு, இதுல கலாச்சாரம் ஒரு கேடா?" ஏழெட்டு வருஷமா இந்தத் துறையில குப்பை கொட்டுறவனா சொல்றேன். கோட் எழுதுறது கஷ்டம் இல்லை. எதிர்ல இருக்குறவருக்கு என்ன வேணும்னு அவர் வாயிலயே வரவழைக்கிறதுதான் கஷ்டம். அதுக்குக் கம்பெனிக்காரன் லட்ச லட்சமா செலவு பண்ணி ட்ரெயினிங் கொடுக்கறான். மல்லாட்டைக் களத்துல உக்காந்து ரெண்டு நாள் காய் ஆஞ்சா அது ஓசியிலயே வந்துடும்.

இதைப் படிக்கிறவங்கள்ல பேராசிரியர்கள் ரெண்டு மூணு பேராவது இருப்பீங்க. ஒரே ஒரு வகுப்பு, அறுபது பேர் வேண்டாம், பதினஞ்சு பேர். பங்குனியில காய் புடுங்கும்போது கூட்டிட்டு வாங்க. வீடு பாத்துத் தர்றது என் பொறுப்பு. ரெண்டு தெருவுலயும் பாத்துத் தர்றேன்.

பி.கு: வேகவச்ச மல்லாட்டை தனியா கிடைக்கும். டம்ளரா கப்பாங்கிறதை மட்டும் வந்து நீங்களே கேளுங்க.